கண்டிக் கடையில் சீனப் பீங்கான்

கண்டியில் பழம்பொருள் வணிகம் செய்கிறவனிடம் சீனப் பொருள் மூன்று வழிகளில் வந்து சேரும். ஒன்று தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களா. இரண்டாவது ரதல என்னும் கண்டிப் பிரபுக் குடும்பங்களின் மாளிகையான வலவ்வ. மூன்றாவது யாழ்ப்பாணத்து வீட்டு அலுமாரி. நான்காவதாக ஒரு வழியும் இருக்கிறது, அது மண். மண்ணிலிருந்து தோண்டி எடுத்து வருவதை நான் வாங்குவதில்லை. காரணத்தை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன்.

அப்பா கடை வைத்த காலத்தில் கண்டிப் பழம்பொருள் என்றால் பித்தளையும் மரமும்தான். குத்துவிளக்கு, வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, வெள்ளிப்பூண் போட்ட கத்தி என்று கேட்டு வருவார்கள். சீனப் பீங்கான் பின்பக்கத்து அலுமாரியில் தூசி படிந்து கிடக்கும். அதைத் துடைத்து, அடியைத் திருப்பிப் பார்த்து, எந்தக் காலத்தது என்று தேடத் தொடங்கியதுதான் என் தொழிற்கல்வி. கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தின் கண்ணாடிப் பெட்டிகள் முன்னால் நின்று கற்றேன். லண்டன், ஹொங்கொங் ஏல நிறுவனங்களின் பழைய பட்டியல்களைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக் கற்றேன். எல்லாவற்றையும்விட அதிகமாகக் கற்றது விற்க வந்தவர்களிடம்.

சீனப் பொருள் ஒன்றின் மதிப்பில் பாதி அதன் உடலில் இருக்கிறது. மறுபாதி அது வந்த வழியில் இருக்கிறது. உடலைப் படிக்க உலகமெங்கும் நூல்கள் உண்டு. வந்த வழியைப் படிக்க வீட்டாரின் நினைவைத் தவிர வேறு ஏடு கிடையாது. அந்த நினைவு எழுதி வைக்கப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கவலைதான்.

துரை பங்களா

1841இல் மோரிஸ் வோர்ம்ஸ் சீனாவிலிருந்து கொண்டுவந்த தேயிலைச் செடிகள் புஸ்ஸல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தில் நடப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையை வணிகப் பயிராக்கினார். கோப்பி நோயில் அழிந்த பிறகு மலைநாடு முழுவதும் தேயிலை ஏறியது. தோட்டத்துக்கு ஒரு பங்களா எழுந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேய ரசனையில் பங்களா என்றால் அதில் சீனப் பொருள் இருந்தாக வேண்டும். முன்கூடத்தில் நீல வெள்ளை இஞ்சிச் சாடி, சாப்பாட்டு அறையில் கன்டன் தட்டுகள், படுக்கையறையில் மூலைக்கு மூலை பித்தளை அறைந்த கற்பூரமரப் பெட்டி. கீழைக் கடலுக்குப் போய்வந்த கப்பல்கள் கொழும்பில் தங்கிச் சென்றதால் இவை எளிதில் கிடைத்தன.

1972இல் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. அதற்கு முன்பும் பின்புமாகத் துரைமார் ஊருக்குப் போனபோது பங்களாச் சாமான்கள் ஏலத்தில் போயின, கைமாறின, தரகர் வழியாகக் கண்டிக்கு இறங்கின. ஹேவாஹெட்ட, கலஹா, மடுல்கலை, பன்வில பக்கங்களிலிருந்து லொறியில் வந்த மரச்சாமான்களுக்கு நடுவே வைக்கோல் சுற்றிய பீங்கான் இருக்கும்.

அவற்றில் பெரும்பாலானவை சிங் வம்சத்தின் கடைசிக் காலத்தவை. குவாங்சு பேரரசர் ஆண்ட 1875 முதல் 1908 வரையான ஆண்டுகளையும் அதன் அக்கம்பக்கத்தையும் சேர்ந்தவை. மிக அதிகமாக வருவது இஞ்சிச் சாடி. உருண்டைத் தோள், குல்லாய் மாதிரி மூடி, உடைந்த பனிக்கட்டி போலக் கோடிட்ட நீலத் தரையில் வெண்ணிற பிளம் பூக்கள். சர்க்கரைப் பாகில் ஊறிய இஞ்சியை அடைத்து மேற்கே அனுப்ப இந்தச் சாடிகள் பயன்பட்டன. அடியில் காங்சி பேரரசரின் பெயர் நான்கெழுத்தில் இருக்கும். காங்சி ஆண்டது 1662 முதல் 1722 வரை. சாடியோ ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிந்தியது. முன்னோர் காலத்து முத்திரையை மரியாதைக்காகப் பொறிப்பது சீனக் குயவர்களின் வழக்கம். ஆகவே முத்திரையைப் பார்த்ததும் வம்சத்தைச் சொல்லிவிடுகிறவர் இன்னும் சாடியைப் பார்க்கத் தொடங்கவில்லை என்றே பொருள்.

இந்தச் சாமான்களின் வரலாறு தெரிந்தவர்கள் பங்களா அப்புமார்தான். சமையலும் பரிமாறலும் அவர்கள் கையில் இருந்தன. ஒவ்வொரு தட்டையும் கழுவித் துடைத்து அடுக்கியவர்கள் அவர்கள். ஹேவாஹெட்டப் பக்கத்து முதியவர் ஒருவரிடம் நீல வெள்ளைச் சாடி ஒன்றைக் காட்டிக் கேட்டேன்.

“இது சோடியா இருந்திச்சு ஐயா. ஒண்ணு வாசக்கதவுகிட்ட, மத்தது மாடிப்படிகிட்ட. பெரிய தொரைசானி சீமைக்குப் போகையில ஒண்ணை எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. இந்த மூடி அந்தச் சாடியோடது. எங்கப்பா காலத்துல மாத்தி வச்சது.”

மூடியின் நீலமும் உடலின் நீலமும் ஒரு சாயல் வேறுபட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. எந்த ஏலப் பட்டியலிலும் அது இருக்காது. அவர் சொன்னதைத் தோட்டத்தின் பெயரோடு ஒரு தாளில் எழுதிச் சாடிக்குள் வைத்தேன். வாங்கிப் போனவர் சாடியைவிட அந்தத் தாளுக்காகத்தான் மகிழ்ந்தார். மலையகத் தோட்டங்களின் பொருள் வரலாற்றைத் தலைமுறையாகச் சுமந்தவர்கள் தோட்டத்துத் தமிழர்கள். அவர்களிடம் கேட்டு எழுதியவர்கள் மிகக் குறைவு.

வலவ்வ

கண்டி இராச்சியம் சீனாவோடு நேரடியாக வணிகம் செய்த நாடன்று. கரையின் பெரும்பகுதி முதலில் போர்த்துக்கீசர் கையிலும் பிறகு டச்சுக்காரர் கையிலும் இருந்தது. 1766 உடன்படிக்கைக்குப் பிறகு கண்டி அரசனுக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. மலைக்கு மேலே வந்த பிறநாட்டுப் பொருள் ஒன்று டச்சுத் தூதுவர்களின் காணிக்கையாக வந்தது, இல்லையேல் முஸ்லிம் வணிகரின் பொதி சுமக்கும் தவள மாடுகள் முதுகில் ஏறி வந்தது. அரசனின் சிங்காசனமே டச்சுக்காரர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குக் கொடுத்த பரிசு. அது 1815க்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்து, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அரண்மனையில் பீங்கான் இருந்திருந்தாலும் அது தங்கியிருக்க வழியில்லை. 1765இல் டச்சுப் படை கண்டிக்குள் புகுந்து கொள்ளையடித்தது. 1815இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய அரச ஆபரணங்கள் 1820இல் லண்டனில் ஏலம் விடப்பட்டன. தலதா மாளிகைக்குப் பின்னால் பல்லே வாஹல என்ற பழைய அரசியர் மாளிகையில் இயங்கும் கண்டி தேசிய அருங்காட்சியகத்தைப் பார்த்தால் அந்த அரசவையின் உலோகம், தந்தம், மர வேலைப்பாடுகளின் தரம் விளங்கும். நான் சொல்வது அவற்றுக்கு வெளியே வலவ்வ வீடுகளில் தப்பிய சில்லறைப் பொருட்களைப் பற்றி.

வலவ்வ வீட்டுப் பீங்கானுக்கு எப்போதும் ஒரே கதைதான் இருக்கும். “ராஜா கொடுத்தது, முதலாளி” என்பார்கள். வத்தேகமவுக்கு அப்பால் ஒரு வலவ்வவில் மூத்த அம்மையார் ஒருவர் பெரிய கிண்ணம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் மாடத்தில் அமர்ந்த பெண்கள், அடுத்ததில் பறவையும் வண்ணத்துப்பூச்சியும், இடையெல்லாம் இளஞ்சிவப்புப் பூக்கள். அழகான பொருள். ஆனால் இந்த அமைப்பு கன்டனில் 19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் உருப்பெற்று, அந்த நூற்றாண்டு முழுவதும் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்டது. கடைசி அரசர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கர் 1815 பெப்ரவரியில் பிடிபட்டு, அடுத்த ஆண்டு வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு, 1832இல் அங்கேயே இறந்தார். அந்தக் கிண்ணத்தின் எனாமலும் பொன்வேலையும் அதற்கும் பிந்தியவை.

அதை அம்மையாரிடம் நேராகவே சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தன் பாட்டனார் ரட்டே மகத்தயா என்ற பகுதித் தலைமை அதிகாரியாக இருந்தபோது கொழும்புக்குப் போய் வரும் வழக்கம் உண்டென்றும், பெரிய விருந்துகளுக்கு அந்தக் கிண்ணத்தில் பழம் வைப்பார்கள் என்றும் நினைவுகூர்ந்தார். அதுதான் உண்மையான வழி. ஆங்கிலேயர் ஆட்சியில் பதவி பெற்ற கண்டிக் குடும்பங்கள் எப்படி வாழ்ந்தன, எதை மேன்மை என்று கருதின என்பதற்கு அந்தக் கிண்ணம் நேர்சாட்சி. அரசர் கதை அதை மறைத்துவிடுகிறது. பொய்யான பெருமை ஒன்றை ஒட்டவைத்தால் மெய்யான வரலாறு ஒன்று உதிர்கிறது. நான் விற்ற எதிலும் ராஜாவின் பெயரைச் சும்மா சேர்த்ததில்லை.

உண்மையாகவே டச்சுக் காலத்தைச் சேர்ந்தவை அபூர்வமாக வரும். 18ஆம் நூற்றாண்டு நடுப்பகுதியின் நீல வெள்ளைத் தட்டு, வேலி, வில்லோ மரம், நீரோரத்து மண்டபம். கெல்டர்மால்சன் என்ற டச்சுக் கப்பல் 1752இல் தென்சீனக் கடலில் மூழ்கியது. அதிலிருந்து எடுத்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பீங்கான்கள் 1986இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயின. அந்தப் பட்டியல் வெளியான பிறகு அதே தலைமுறைத் தட்டுகளை இங்கே அடையாளம் காண்பது எளிதாயிற்று. டச்சுக் கம்பனியின் மூன்றெழுத்து முத்திரை நடுவில் போட்ட தட்டைச் சீனத் தட்டு என்று சொல்லித் தருவார்கள். அந்த வகையின் அசல்கள் பெரும்பாலும் ஜப்பானில் அரிட்டாவில் செய்யப்பட்டவை. மிங் வம்சம் விழுந்து சிங் வம்சம் நிலைகொள்ளும்வரை நடந்த போர்களில் சீனப் பீங்கானின் தலைநகரான ஜிங்தேஜெனின் சூளைகள் சீர்குலைந்தன. டச்சுக்காரர் பீங்கானுக்கு ஜப்பானை நாடினார்கள். ஒரு தட்டின் பிறப்பிடத்தைச் சீனாவின் உள்நாட்டுப் போர் மாற்றியிருக்கிறது.

யாழ்ப்பாணத்து அலுமாரி

யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு ரெயில்வேயிலும் அரச அலுவலகங்களிலும் வேலைக்குப் போனவர்கள் ஏராளம். ஓய்வு பெற்று ஊர் திரும்பி, மலாயன் பென்சனியர் என்ற பெயரோடு கல்வீடு கட்டி வாழ்ந்தார்கள். அவர்கள் பெட்டிகளில் வந்தவை ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர்க் கடைகளின் பீங்கான். பிறகு யுத்த காலத்தில் இடம்பெயர்ந்து கண்டியில் வாடகைக்கு வந்த குடும்பங்களிடம் அவற்றை முதன்முதலில் கண்டேன்.

“இது எங்கட அம்மம்மாவின்ர. தாத்தா ஈப்போவில ரெயில்வேயில இருந்தவர். பென்சன் எடுத்து வரேக்கை கொண்டந்தது. அம்மம்மா ஒருத்தரையும் தொட விடமாட்டா” என்று ஓர் ஆசிரியை மூடியோடு கூடிய ஒரு பானையை மேசையில் வைத்தார். இளஞ்சிவப்புத் தரை, பச்சைக் கரை, நடுவில் பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும், மூடியின் உச்சியில் சிங்கம். நீரிணைக் குடியேற்றங்களில் வாழ்ந்த பாபா நோன்யா சீனர்களின் திருமணத்துக்கும் விருந்துக்கும் என்றே 19ஆம் நூற்றாண்டு இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலும் ஜிங்தேஜெனில் செய்யப்பட்ட வகை இது. இன்று சிங்கப்பூரில் இதற்குத் தனி மதிப்பு. ஒரு சீனக் குடும்பத்துக்காகச் செய்த பாத்திரம், தமிழ் ரெயில்வே ஊழியர் கையால் வலிகாமத்துக்கு வந்து, போரால் கண்டிக்கு ஏறியிருக்கிறது. அவரிடம், இதை இப்போது விற்க வேண்டாம், முடிந்தவரை வைத்திருங்கள் என்றேன். கடைக்காரன் சொல்லும் வார்த்தை அதுவன்று, ஆனாலும் சொன்னேன். அவர் வைத்திருக்கிறார்.

வடக்கிலிருந்து வரும் இன்னொரு பொருள் பழுப்பு மெருகிட்ட பெரிய சாடி. தோளில் கயிறு கோக்க நான்கு காது. மோர்மிளகாயும் ஊறுகாயும் எண்ணெயும் வைத்துப் புழங்கியவை. தென்சீனத்துச் சூளைகளிலும், பர்மாவின் மர்த்தபான் துறைமுகப் பக்கத்திலும் இவ்வகைச் சாடிகள் செய்யப்பட்டன. கப்பலில் தண்ணீரும் எண்ணெயும் இவற்றில்தான் பயணித்தன. பல நூற்றாண்டு ஒரே உருவில் செய்யப்பட்டதால் காலம் கணிப்பது கடினம். அழகுப் பொருளைத் தேடுபவர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். எனக்கு இவற்றின் மேல் தனி மதிப்பு. இந்தியப் பெருங்கடலின் வணிகத்தைத் தாங்கியவை இவைதான்.

அடியைத் திருப்பிப் பார்த்தல்

பீங்கானைப் பார்க்கும் முறையை இளையவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

முதலில் வெளிச்சம். கடை மின்விளக்கில் எதையும் முடிவு செய்யக் கூடாது. வாசலில் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மாலை மழை இருண்டு வரும் கண்டி நேரத்தில் பார்ப்பதைக் காலைக்கு ஒத்திப்போடுவது நல்லது. அடுத்து கை. மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிவிட்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் எடுக்க வேண்டும். காது, மூடி, விளிம்பு பிடித்துத் தூக்கக் கூடாது. எடை தானாகப் பேசும். அச்சில் வார்த்த புதுப்பொருளின் எடை ஒரு மாதிரி, சக்கரத்தில் வனைந்த பழையதன் எடை வேறு மாதிரி.

அதன்பிறகு கவிழ்த்து அடிவளையத்தைப் பார்க்க வேண்டும். மெருகு படாத அந்தச் சிறு வட்டத்தில்தான் களிமண் வெளியே தெரியும். வெண்மையா, சாம்பலா, சூட்டில் ஆரஞ்சுச் சாயல் ஏறியிருக்கிறதா, சூளை மணல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தலைமுறைகளாக மேசையில் இழுபட்ட தேய்மானம் ஒழுங்கற்று இருக்கும். உப்புத்தாளால் தேய்த்த போலித் தேய்மானம் ஒரே சீராக இருக்கும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மெருகுக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகளையும், எனாமல் மேல் வருடக்கணக்கில் விழுந்த நுண்கீறல்களையும் காணலாம்.

வண்ணமும் காலத்தைச் சொல்லும். யுவான் காலத்திலும் மிங் தொடக்கத்திலும் கோபால்ட் பாரசீகத்திலிருந்து வந்தது. நீலம் சில இடங்களில் கெட்டியாகத் திரண்டு கரும்புள்ளியாக ஊறியிருக்கும். வான்லி பேரரசர் காலமான 1573 முதல் 1620 வரை, தட்டின் விளிம்பைக் கட்டங்களாகப் பிரித்து வரைந்த மெல்லிய ஏற்றுமதிப் பீங்கான் போர்த்துக்கீசக் கப்பல்களில் போனது. காங்சி காலத்தில் பச்சை முதன்மையான எனாமல் வேலை சிறந்தது. தங்கத்திலிருந்து எடுக்கும் இளஞ்சிவப்பு 1720களில்தான் பரவியது. ஆகவே காங்சி முத்திரையும் நிறைந்த இளஞ்சிவப்பும் சேர்ந்திருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். 1677இல் ஜிங்தேஜென் அதிகாரி ஒருவர் பேரரசர் பெயரைப் பீங்கானில் எழுதுவதைத் தடை செய்தார். அதனால் அந்த ஆண்டுகளின் அசல் பொருட்கள் பலவற்றின் அடியில் இரட்டை நீல வளையம் மட்டும் இருக்கும், நடுவில் எழுத்து இராது. எழுத்தில்லாததைத் தள்ளிவிட்டு எழுத்துள்ளதைத் தேடுகிறவர் நல்லதைத் தவறவிடுவார். ஆங்கிலத்தில் சைனா என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சட்டம் அப்போது நடைமுறைக்கு வந்தது.

2014இல் ஹொங்கொங் ஏலத்தில் செங்குவா பேரரசர் காலத்துச் சிறு கோழிக் கிண்ணம் ஒன்று 28 கோடி ஹொங்கொங் டொலருக்கு மேல் போனது. அந்தச் செய்திக்குப் பிறகு கோழி வரைந்த கிண்ணங்கள் இலங்கை முழுவதும் அலுமாரியிலிருந்து இறங்கி வந்தன. அவை நம் பாட்டிமார் சோறுண்ட நல்ல கிண்ணங்கள். அந்த விலையை நம்பி ஒருவரும் கடன் வாங்கிவிடக் கூடாது.

பழுதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உடைந்த தட்டைச் சிறு துளையிட்டு உலோகக் கம்பியால் தைத்திருப்பார்கள். அந்தத் தையலைப் பிடுங்கிவிட்டுப் பசையால் ஒட்டித் தரச் சொல்லிக் கேட்பார்கள். நான் பெரும்பாலும் மறுத்திருக்கிறேன். உடைந்தபின்னும் எறியாமல் கூலி கொடுத்துத் தைக்க வைத்த ஒரு வீட்டின் மனம் அந்தத் தையலில் இருக்கிறது. கழுவுவதென்றால் பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான நீர் போதும். பொன்வேலைமேல் சோடாவும் நாரும் படக் கூடாது. கண்டியின் ஈரக்காற்று பீங்கானை ஒன்றும் செய்யாது. அரக்குப் பெட்டியையும் பட்டுத் தையலையும் பூஞ்சணம் பிடித்து அழித்துவிடும். மழைக்காலத்தில் அவற்றைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது.

நெருப்பில் எது நிற்கும் என்பதையும் பார்த்திருக்கிறேன். 1983 ஜூலை இன வன்முறையில் கண்டி நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்தபோது எங்கள் கடையும் எரிந்தது. அப்பாவும் நானும் சாம்பலைக் கிளறினோம். மரம் போயிற்று, தந்தம் போயிற்று, பித்தளை உருகிச் சிதைந்தது. பீங்கான் சில மிஞ்சியது. ஜிங்தேஜென் பீங்கான் 1300 பாகை செல்சியசை ஒட்டிய சூட்டில் சுடப்பட்டது. மெருகுக்கு அடியில் இருந்த நீலம் அப்படியே இருந்தது. மெருகின் மேல் இட்ட எனாமல்கள் 700, 800 பாகைச் சூட்டில் பதிக்கப்பட்டவை. அவை கொப்பளித்து மங்கிவிட்டன. சூட்டோடு தண்ணீர் பட்டவை வெடித்திருந்தன. அப்பா ஒரு நீல வெள்ளைத் தட்டைச் சட்டைத் துணியால் துடைத்து, “இது நிக்குது தம்பி” என்றார். அதிலிருந்துதான் கடை மறுபடி தொடங்கியது. அந்தத் தட்டு விற்பனைக்கு வைக்கப்படவில்லை.

மண்ணிலிருந்து வருவது

இந்த நாட்டில் சீனக் கலைப்பொருளின் வரலாறு மிக நீண்டது. பாஹியான் என்ற சீனத் துறவி 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரம் அபயகிரியில் தங்கியிருந்தபோது, பச்சை மணிக்கல் புத்தர் சிலை முன் ஒரு வணிகர் சீனத்து வெண்பட்டு விசிறியைக் காணிக்கை வைத்ததைக் கண்டார். பிரிந்து வந்த நாட்டின் பொருளைக் கண்டதும் கண்ணீர் பெருகியதாக அவரே எழுதியிருக்கிறார். 1409இல் மிங் கடற்படைத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் இருக்கிறது. அதன் தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனைத் தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கு மிங் பேரரசர் அளித்த காணிக்கைகளை எண்ணிச் சொல்கிறது. பொன், வெள்ளி, பட்டு, தூபக்கால், விளக்கு. சீனக் கலைப்பொருட்களின் பட்டியல் தமிழ் எழுத்தில் கல்லில் நிற்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல்லைக் கொழும்பு அருங்காட்சியகத்தில் யாரும் பார்க்கலாம்.

சொங் வம்சத்துப் பீங்கானும் அதற்கு முந்திய தாங் காலத்ததும் இங்கே வீடுகளில் கிடைப்பதில்லை, நிலத்துக்கடியில் கிடக்கின்றன. பழைய துறைமுகமான மாந்தையில் 1980களில் நடந்த அகழாய்வில் சீனத் துண்டுகள் வந்தன. 13ஆம் நூற்றாண்டில் தலைநகராயிருந்த யாப்பகுவையில் சீன நாணயங்களும் பச்சை மெருகிட்ட செலடன் துண்டுகளும் கிடைத்தன. ஊர்காவற்றுறைத் தீவின் அல்லைப்பிட்டியில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் 1977இல் கண்டறிந்த சீனப் பீங்கான்கள், வட சொங் காலத்தில், ஏறத்தாழ 11ஆம் நூற்றாண்டு இறுதியிலும் 12ஆம் நூற்றாண்டு தொடக்கத்திலும் குவாங்டொங் சூளைகளில் செய்யப்பட்டவை. 2018இல் ஷங்காய் அருங்காட்சியகக் குழு அங்கே மறுபடி அகழ்ந்தது. சோழர் சீனத்துக்கு 1015, 1033, 1077 ஆண்டுகளில் தூது அனுப்பிய காலத்தை ஒட்டிய கடல்வழியின் தடயம் அந்தத் தீவுமண்ணில் இருக்கிறது.

அல்லைப்பிட்டித் துண்டுகளுக்கு ஏன் அத்தனை மதிப்பு? அவை ஒரே இடத்தில், ஒன்றோடொன்று, எந்த ஆழத்தில் கிடந்தன என்ற பதிவோடு எடுக்கப்பட்டன. எந்தச் சூளையின் சரக்கு எந்தச் சூளைச் சரக்கோடு ஒரே காலத்தில் பயணித்தது என்று அதனால் சொல்ல முடிகிறது. அதே கிண்ணம் ஒன்று பத்திரிகைத் தாளில் சுற்றி என் கடைக்கு வந்தால் அது ஒரு சொங் கிண்ணம். அதற்கு மேல் அதனிடம் சொல்ல ஒன்றுமில்லை. புதையல் தோண்டுகிறவர் ஒரு கிண்ணத்துக்காக ஒரு வரலாற்றையே கலைத்துவிடுகிறார்.

அப்படிச் சுற்றி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். பச்சை மெருகின் ஆழம் கண்ணை இழுக்கும். “எங்கிருந்து எடுத்தது?” என்று கேட்பேன். பதில் வராது. தாளோடு திருப்பிக் கொடுத்து, தொல்பொருள் திணைக்களத்தில் ஒப்படைக்கச் சொல்வேன். அடுத்த தெருவில் யாராவது வாங்கக் கூடும். நான் வாங்கினால் நாளை இன்னொரு குழி விழும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம், இலங்கையில் உள்ள, 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்களைத் தொல்பொருள் என்று வரையறுக்கிறது. கண்டி அரண்மனையின் மகுல் மடுவ என்ற அரசவை மண்டபத்தில், கண்டியை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள் அது. எங்கள் ஊரில் ஓர் அரசு முடிந்த நாளே நாடு முழுவதற்கும் பழமையின் எல்லைக்கோடு. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டமும் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் இவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சீனாவில் செய்ததுதானே, இலங்கைப் பொருளில்லையே என்று வாதிடுவார்கள். இங்கே வந்து, இங்கே புழங்கி, இங்கே நிலைத்த பொருள் இந்த நாட்டின் வரலாற்றைச் சேர்ந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் எத்தனை அவசரப்படுத்தினாலும் இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

வீட்டில் இருப்பதற்கு ஒரு வேண்டுகோள்

ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை என்ற நூலுக்காகக் கண்டிப் பகுதியின் ஊர்களில் கைவினைஞர்களிடம் நேரில் கேட்டு எழுதினார். அந்த நூல் இல்லாவிட்டால் கண்டிக் கலையின் எத்தனையோ முறைகளும் பெயர்களும் நமக்குத் தெரியாமல் போயிருக்கும். கடல் கடந்து நம் வீடுகளுக்கு வந்த சீனப் பொருட்களுக்கு அப்படி ஒருவர் இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருக்க நேரமும் இல்லை. தெரிந்த முதியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே இதை வாசிப்பவர் வீட்டில் பழைய சாடியோ தட்டோ பெட்டியோ இருந்தால் ஒன்று செய்யுங்கள். வீட்டில் மூத்தவரைக் கேளுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, ஏறத்தாழ எந்த ஆண்டில், வீட்டில் எங்கே இருந்தது, எதற்குப் பயன்பட்டது, எப்போது உடைந்தது, யார் ஒட்டியது. தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். தெரியாத இடத்தை வெறுமையாக விடுங்கள். மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அடியிலிருந்தும் மூன்று படம் எடுங்கள். எழுதிய தாளை அமிலமில்லாத காகித உறையில் போட்டுப் பொருளோடு வையுங்கள். விற்க நேர்ந்தால் அந்தத் தாளையும் சேர்த்துக் கொடுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் போனாலும் அது உங்கள் வீட்டுக்கு வந்த வழி உங்கள் பிள்ளைகளிடம் இருக்கும்.